எல்லாம் எட்டு

லூனாஸ் என்ற சிற்றூரில் எங்கள் தையல் கடைக்கு, எல்லாம் எட்டாக வரும் டெலிபோன் நம்பரை என் கணவர் கூடுதல் காசு கொடுத்து வாங்கினார். வீண் செலவு என்று நான் சண்டை போட்டேன்.

இன்று காலை மணி அடித்தது. ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் மாரி, எஸ்டேட் ஆபீஸிலிருந்து பேசினான்.

"அக்கா, சம்சாரத்துக்கு வலி வந்துருச்சு! பதட்டத்துல ஒங்க நம்பர் மட்டுந்தான்லா ஞாபகம் வருது!"

அளவு நாடா கழுத்தில் தொங்க, டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடினேன். கார் உடனே எஸ்டேட்டுக்குக் கிளம்பியது.

மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் மாரி.

"பொம்பளப் புள்ளக்கா! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப சொல்லு, வீண் செலவா?" என்றார் கணவர்.

வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. வேறு யாரோ.

"அக்கா, நாளைக்குக் கூலிம் டவுனுக்குப் போகணும். ஒரு டாக்சி சொல்லிடுறீங்களா?"

இந்த நம்பர் லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள். ஆனால் நேரில் வந்து சொல்லுங்கள்.