தாடிக்காரத் துரையும் மடைப்பலகையும்

நேற்று டவுன்ஹால் ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில், அந்தக் காலத்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் தபால் அட்டைகள் கிடந்தன. வெள்ளைக் கால்சட்டை, முறுக்கிய மீசை, கையில் மட்டை. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்குக் காதர் ஞாபகம் வந்துவிட்டது.

நானும் காதரும் இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் ஒரு நூல் கிட்டங்கியில் குமாஸ்தாக்கள். கணக்கு எழுதியதைவிடக் கிரிக்கெட் பேசியதுதான் அதிகம். அவன் வீடு கோரிப்பாளையம். ஞாயிறுதோறும் பக்கத்து வைகை மணலில் ஆட்டம். தாடி வைத்த வெள்ளைக்கார ஆட்டக்காரர் ஒருவரின் அட்டை அவனிடம் இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் மட்டையைத் தொடமாட்டான். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவன் போனால் எங்கள் அணியே போச்சு என்பதால் வாயைத் திறந்ததில்லை.

அட்டை நைந்துபோகவே கண்ணாடி போடக் கொடுத்தான். திரும்பி வந்ததோ வேறு படம். கோட்டும் தொப்பியுமாக, மலையில் அணை கட்டி நம் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த துரை! பிரேம் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அணை கட்டுன தொர படம் கேட்ட சோழவந்தான் கொடிக்கால்காரருக்கு ஒங்க படத்தக் குடுத்துட்டேன் போல. ரெண்டும் தொரதானே தம்பி!"

மறுநாள் ஞாயிறு, பெரிய ஆட்டம். காதருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே அணைத் துரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுக்குள் நுழைந்தால், சுவரில் நம் ஆட்டக்காரர்! கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், முன்னால் உடைத்த தேங்காய். எனக்குச் சிரிப்பு முட்டியது. காதர் என் தொடையைக் கிள்ளினான்.

"ஐயா, படம் மாறிப்போச்சு. இவுகதான் அணை கட்டுன தொர" என்று சரியான படத்தை நீட்டினேன்.

அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இந்தக் கோட்டுக்காரரா? கசங்காமல்ல நிக்கிறாரு! இவரு எங்க சேத்துல எறங்கியிருக்கப் போறாரு? நம்ம தொர கையில பாருங்க, மடைப்பலகை! இவரு வந்த மறுநாளே கடைமடை வரைக்கும் தண்ணி பாஞ்சிருச்சு."

கிரிக்கெட் மட்டை, வாய்க்கால் மடையை அடைக்கிற பலகையாகிவிட்டது! நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காதர் முந்திக்கொண்டான்.

"சரிங்கய்யா, இவரே இருக்கட்டும்."

வெளியே வந்ததும், "சாமியா ஆனவர எப்பிடி மாப்ள ஆடக் கூப்புடுறது?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கொடிக்கால்காரர் கொடுத்த ஒரு கவுளி வெற்றிலையோடும், அவர் வேண்டாமென்ற அணைத் துரையோடும் ஊர் திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் அணைத் துரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினான். முதல் பந்தில் எப்படியோ தப்பினான். இரண்டாவது பந்துக்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே எங்கோ பெய்த மழை, நுரையும் செத்தையுமாக மணலில் புரண்டுவந்து ஸ்டம்புகளைத் தூக்கிக்கொண்டு போனது. நனைந்த வேட்டியோடு கரையேறிய காதர், படத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ரன்னு கேட்டா தண்ணியவா தருவீக?"

காதர் காலமாகிப் பல வருஷமாகிறது. ஆற்று மணலையும் அள்ளி முடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஆட்டமும் கிடையாது, ஆட்டத்தைக் கலைக்கத் தண்ணீரும் கிடையாது. அவன் இருந்திருந்தால் யார் படத்தோடு சண்டைக்குப் போயிருப்பானோ!