பின்னால் இருந்த அறை

ஈரச் சுண்ணாம்பும் ஃபினாயிலும் கலந்த வாடை... இன்றைக்கும் எங்காவது புதிதாக வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கண் தானாக ஜன்னலைத் தேடுகிறது.

யுத்த காலம். திண்டிவனத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களெல்லாம் முதுகில் ஒரு கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. அதே ரோட்டில் பட்டாள லாரிகளும் பறந்தன. மோதுவதும் கவிழ்வதும் வழக்கமாகிவிட்டது. அடிபட்டவர்களுக்கென்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு சின்ன அறை. பாதிப் பேர் தாழ்வாரத்துத் தரையில்தான் கிடப்பார்கள்.

அதனால் பெரிதாக்கினார்கள். இடம் எங்கே? பின்பக்கம் இருந்த சவ அறைதான். பிணங்களுக்கு மதிலோரம் வேறு அறை கட்டி, பழையதைக் கழுவி, வெள்ளையடித்து, சுவரை இடித்து ஜன்னல் வைத்து, கட்டில்கள் போட்டார்கள்.

ஆனால் ஊர் வாயை யார் கழுவுவது? எங்கள் பக்கத்தில் 'பின்னால கொண்டு போயிட்டாங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். ஆள் போய்விட்டார். கால் முறிந்தவர்கள்கூட அந்த அறைக்கு வரமாட்டேன் என்று தாழ்வாரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு அழுவார்களாம்.

அம்மாவே ஒருநாள் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள். "எனக்கு இன்னா ஆனாலும் சரி, அந்த ரூம்புல மட்டும் என்னப் போட்டுடாதீங்க."

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், வகுப்பு வாசலில் அத்தை நின்றாள். அப்பாவின் தங்கை. "ஜல்தியா வா" என்றாள். வழியெல்லாம் என் கையை நசுக்கிக்கொண்டே நடந்தாள்.

ஆஸ்பத்திரி முன்வாசலில் அப்பா. வேட்டியெல்லாம் ரத்தம். யாருடையது என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"விழுப்புரம் சந்தைக்குப் போயிட்டுத் திரும்பி வரச்சொல்ல, உங்க அம்மா வந்த பஸ்ஸு கவுந்துட்டுதும்மா... உள்ள வெச்சிருக்காங்க."

எங்களை உள்ளே விடவில்லை. அப்பா நின்றபடியே செபம் சொன்னார். பாதியில் வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து... மறுபடி முதலிலிருந்து...

வார்டு ஆள் ஒருவர் வாளியோடு வெளியே வந்தார். அப்பா ஓடினார்.

"எம் பொண்டாட்டி எப்பிடிங்க இருக்குது?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "பஸ்ஸுல வந்த பொம்பளையா? பின்னால கொண்டு போயிட்டாங்கப்பா."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ அண்ணி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!" என்று கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நானும் ஓடினேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான். முகத்தை மூடியிருப்பார்களா... மூடியிருந்தால் அது அம்மாதான் என்று எப்படித் தெரியும்...

அத்தையின் ஒப்பாரி உச்சத்துக்குப் போனபோது அந்தப் புது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்திருந்தது. ஆனால் கோபம் மட்டும் குறையவில்லை.

"அடியே, இன்னாத்துக்கு இப்பிடிக் கத்தற? அதுக்குள்ள ஒங்க அண்ணனுக்கு வேற பொண்ணு பாத்துட்டியா?"

அத்தை மாரில் அடித்த கையை எடுக்காமலே ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

நான் திரும்பி ஓடி அப்பாவை இழுத்துவந்தேன். வாசல் வரை வந்தவர் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டார். உள்ளே, தலையில் கட்டோடும் பலகை வைத்துக் கட்டிய காலோடும் அம்மா. ஒரு கையால் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்க... ஜன்னல் வெச்சிருக்காங்க. ஒண்ணும் பயமில்ல, வாங்க" என்றாள்.

இன்றைக்கு அங்கே நீளமான கட்டிடம். டியூப் லைட், சக்கரம் வைத்த கட்டில்கள், 'அவசர சிகிச்சை' என்று பெரிய பலகை. 'பின்னால' என்ற சொல்லுக்கு இப்போது யாரும் நடுங்குவதில்லை.

போன வருஷம் அம்மாவை அதே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். முன்பக்கத்து வார்டு. வரிசையாக ஜன்னல்கள். நர்ஸ் வெளியே வந்து, என் தோளைத் தொட்டு, பக்குவமாகத்தான் சொன்னாள். அம்மா போய்விட்டதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னாள்.

நான் உடனே அழவில்லை... கொஞ்ச நேரம் அம்மாவின் கட்டில் பக்கத்து ஜன்னலோரம் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன்.