முக்கால் முகம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். பத்து வயதில், இறந்துபோன என் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பாயில் விரித்துத் தையல் நாடாவால் அளந்து, “மார்பளவு முப்பத்தெட்டு, இடுப்பளவு முப்பத்தாறு” என்று நோட்டுத்தாளில் எழுதி, அவரை ஓவியமாக வரையவிருந்த மனிதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

சுவா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்தடுத்து. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் “நூறு” என்போம். பெரியப்பா பால் ஸ்டோரில் வேலை செய்தவர். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் ஒருநாள் அவருடைய இடது கண்ணில் தெறித்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கண் வெள்ளையாகிப் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் யாரையும் நேருக்கு நேர் பார்த்ததில்லை. முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வலது கன்னத்தைக் காட்டித்தான் பேசுவார். வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் அப்படித்தான், கோயிலில் சாமியிடமும் அப்படித்தான். என்னோடு பேசும்போது என் தோளுக்கு மேலே எங்கோ பார்ப்பார். பின்னால் யார் வருகிறார்கள் என்று நான் எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து தலையை அண்ணாந்துகொள்வார். பெரியம்மா ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார். கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் இதைச் செய்வார்கள். பாதி சாத்திய கதவு பத்து வயதுப் பையனுக்கு முழுதாகத் திறந்த கதவு.

பெரியப்பா ஒருநாள் காலையில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாவைப் பதியப் போனபோது அவருடைய அடையாளக் கார்டைப் பதிவு அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் நேராகப் பார்த்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அதில்தான் இருந்தது. அரசாங்கம் சொன்னதால் நேராகப் பார்த்திருக்கிறார். அதுவும் போன பிறகு மிஞ்சியது ஓர் உறவுக்காரரின் கல்யாணப் போட்டோ. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில், கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு அவர் முகம் தெரியும். வழக்கம்போல இடப்பக்கம் திரும்பியிருந்தார்.

முதல் வருஷப் படையலுக்குப் படம் வேண்டும். உயிரோடு இருக்கிற பொண்ணு மாப்பிள்ளையோடு சேர்த்து மாலை போட முடியாது. அதனால் வரையக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவர் முகம் மறந்துபோய்விடுமோ என்ற பயம் பெரியம்மாவுக்கு வந்துவிட்டிருந்தது. “கண்ண மூடுனா குரலு கேக்குது, மூஞ்சி வர மாட்டேங்குது” என்று அம்மாவிடம் அவர் சொன்னது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

பக்கத்து ஊரான லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் ஓவியர் கடை வைத்திருந்தார். கடைப் பலகை எழுதுவார், லாரிக் கதவில் புலி வரைவார், இறந்தவர்களை வரைவார். மூன்றிலும் கண்ணைத்தான் கடைசியில் போடுவார் என்று பேச்சு. பலகைக்கு எது கண் என்று நான் யோசித்ததுண்டு. பெரியம்மா காலையில் பால்வெட்டுக்குப் போய்விடுவார், அப்பாவுக்கு வேலை மாறி மாறி வரும். பள்ளி முடிந்து நான் பஸ் ஏறும் இடம் அந்தக் கடைக்கு எதிரே. தவிர, வண்ணந்தீட்டும் போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்திருந்தது. கலந்துகொண்ட எல்லோருக்கும் ஆறுதல் பரிசு கிடைத்தது என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆகவே சித்திரம் தெரிந்தவன் என்ற முறையில் தூது போகும் பொறுப்பு எனக்கு வந்தது.

முதல் நாள் மட்டும் பெரியம்மா கூட வந்தார். ஓவியர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதையும் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமுள்ள மனிதர்.

“முக்கால் முகம்மா இது. நல்லா வரும். மார்பளவு போதுமா, இடுப்பளவு வேணுமா? வீட்டுல கலந்து பேசி தம்பிகிட்ட சொல்லி அனுப்புங்க.”

பெரியம்மா தலையாட்டினார். அன்று ராத்திரி அவர் மறந்து தூங்கிவிட்டார். நான் மறக்கவில்லை. அதன் விளைவைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

ஓவியர் என் தாளைப் படித்தார். சிரிக்கவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. நான் இன்னும் உற்சாகமாகி, “கழுத்து அளவும் வேணும்னா எடுத்துட்டு வரேன் அங்கிள்” என்றேன்.

“தம்பி, மார்பளவுன்னா நெஞ்சு வரைக்கும் வரையுறது. நான் சட்டை தைக்கப் போறதில்லலா.”

பிறகு பட்டறை வைத்திருந்த சீனரிடம் போய் மலாயில் ஏதோ சொன்னார். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் நெஞ்சைக் காட்டி என்ன சைஸ் என்று கேட்பார். ஒரு நாள் தப்பாமல் கேட்டார்.

அவமானப்பட்டவன் அடுத்தவனிடம் தப்பு தேடுவான். நானும் தேடினேன், கிடைத்தது. முக்கால் முகம். அந்த வார்த்தையைப் பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். முக்கால் என்றால் ஒன்றில் கால் குறைவு. அப்படியானால் பெரியப்பாவின் கால் பங்கு முகத்தை இந்த ஆள் வரையாமல் விடப்போகிறார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவும் தலையாட்டிவிட்டார். வீட்டில் படித்தவன், பரிசு வாங்கியவன் நான் ஒருவன்தான். நான் கேட்காவிட்டால் யார் கேட்பது?

அடுத்த தடவை போனபோது அட்டையில் பென்சிலால் முகம் முடிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஒரே காதுதான் இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

“அங்கிள், பெரியம்மா முழு முகம் வேணும்னு சொன்னாங்க.”

பெரியம்மா சொல்லவில்லை. பெரியம்மா அப்போது ரப்பர்க் காட்டில் நின்று, மரத்தில் கட்டிய மங்கிலிருந்து வாளிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்.

ஓவியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “அந்தப் பக்கம் போட்டோவுல இல்லையே தம்பி. இல்லாதத வரைஞ்சா சாயல் போயிடும்.”

சாயல் என்றால் சாய்ந்திருப்பது என்று நினைத்தேன். சுவரில் படம் சாய்ந்திருந்தால் யாருக்கும் பிடிக்காதே.

“போனா போகட்டும் அங்கிள், நேரா இருந்தாத்தான் நல்லது.”

அவர் என்னைப் பார்த்தார். பட்டறைப் பக்கமும் ஒரு பார்வை போயிற்று. ஆனால் இந்தத் தடவை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

“அப்ப மத்த பக்கத்த நீ சொல்லு.”

சொன்னேன். நான்கைந்து நாள் பஸ் வரும் வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும் என்றேன். தாடையில் சவரம் செய்யும்போது விட்டுப்போகும் மூன்று முடி உண்டு என்றேன். புருவத்துக்கு மேலே கொசு கடித்தது போல ஒரு மரு. நான் சொல்லச் சொல்ல அவர் வேறோர் அட்டையில் தூரிகையால் தொடுவார். நான் “இல்ல, கொஞ்சம் கீழ” என்பேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரியப்பா எனக்குக் காட்டாத பக்கம்தான் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எல்லாம் பாதி சாத்திய கதவின் உபயம்.

கடைசி நாள் அவர் கேட்டார். “கண்ணு?”

“வெள்ளைக் கண்ணு அங்கிள். அவிச்ச முட்டைய உரிச்ச மாதிரி.”

தூரிகை நின்றது. “இதையும் பெரியம்மா போடச் சொன்னாங்களா?”

பட்டறையில் யாரோ மோட்டார் எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அது நல்ல நேரம், பாதி காதில் விழுந்திருக்காது. ஆனால் இவ்வளவு தூரம் வந்து திரும்பினால் மறுபடியும் சட்டை அளந்த பையனாகிவிடுவேன்.

“ஆமா” என்றேன்.

அவர் கண்ணைப் போட்டார். படத்தைத் துணியில் சுற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, முதலில் போட்ட பென்சில் அட்டையையும் எடுத்து அதோடு வைத்துக் கட்டினார்.

“ரெண்டையும் பெரியம்மாகிட்ட குடு. நடுவுல நீ பிரிக்காத.”

படையலன்று காலையில் அத்தையும் அம்பாங்கானிலிருந்து மற்ற உறவுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஹாலில் இலை போட்டு, விளக்கு வைத்து, பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் படத்தை வைக்க வேண்டும். மாலை தட்டில் தயாராக இருந்தது. நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரும் என்னைப் பார்ப்பதற்கு வசதியான இடமாகப் பார்த்து நின்றேன்.

அப்பா துணியைப் பிரித்தார்.

இரண்டு காதும் இருந்தன. மடங்கிய காது, மூன்று முடி, மரு, எல்லாம் இருந்தன. பெரியப்பா நேராக, ஹாலில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். ஒரு கண்ணால் பார்த்தார். இன்னொரு கண் வெள்ளையாகத் திறந்திருந்தது.

அத்தையின் கையிலிருந்த கற்பூர டப்பா மூடி கீழே விழுந்து உருண்டு போய் நின்றது.

“பாவி, எவன் இப்படி வரையச் சொன்னது?” என்றார் அத்தை. “சாகுற வரைக்கும் மறைச்சு வெச்சிருந்தாரே மனுசன். அண்ணன் இருந்திருந்தா அவனத் தோல உரிச்சிருப்பாரு.”

அப்பா என் பக்கம் திரும்பினார். என் காது அவர் கைக்கு எப்போதும் சரியான உயரத்தில் இருக்கும். காது அவர் கைக்குள் போன பிறகுதான் பெரியம்மா வாயைத் திறந்தார்.

“விடுங்க தம்பி அவன.”

படத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அழுவார் என்று அம்மா முந்தானையைத் தயாராக வைத்திருந்தார். பெரியம்மா அழவில்லை. கட்டைவிரலைப் படத்தின் தாடைக்குக் கீழே வைத்து, லேசாக மேலே தூக்குவது போலப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“மருவு யாரு சொன்னது?”

“நான்தான் பெரியம்மா.”

“கண்ணு?”

“அதுவும் நான்தான்.”

படத்தோடு உள்ளே போனார். ஆணியில் காலண்டரைக் கழற்றும் சத்தம் கேட்டது. படுக்கிற அறைக் கட்டிலுக்கு எதிரே இருந்த ஆணி அது. திரும்பி வந்து, துணிக்குள் கிடந்த பென்சில் அட்டையை எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார். ஒரு காது, வலது கன்னம், எல்லோருடைய தோளுக்கும் மேலே எங்கோ பார்க்கும் ஒற்றைக் கண்.

“இதான் எங்கண்ணன்” என்று அத்தை உடைந்து அழ ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் அழுதார்கள். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, காக்கைக்குச் சோறு வைத்து, எல்லாம் முறையாக நடந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. காது வலி ஒரு பக்கம். அதைவிட, நான் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று முடியையும் விடாமல் சொல்லி வாங்கிய படம் கட்டிலுக்கு எதிரே கதவுக்குப் பின்னால் கிடக்கிறது, ஒற்றைக் காதுள்ள பென்சில் கிறுக்கலுக்கு மாலை. என் கலைக்கு இந்தத் தடவை ஆறுதல் பரிசுகூட இல்லை. பந்தி நடந்துகொண்டிருந்தபோது சமையல்கட்டுக்குப் போனேன். பெரியம்மா அப்பளத்தை நொறுங்காமல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, முழு முகம் இருக்குறதப் போயி ரூம்புக்குள்ள மாட்டிட்டு, முக்கா மூஞ்சிய ஏன் வெளிய வெச்சீங்க?”

அவர் சொன்ன பதிலைப் பின்னக் கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். பின்னம் எனக்கு எப்போதும் வராது. தட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னார்.

“ஊருக்கு முக்கா போதும்லா.”