பென்சில் புள்ளி

டோன்கா இருபத்தொன்பது வருஷமாக இதய வார்டில் நர்ஸ். டான்யூப் கரையிலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், இதயம் நின்றால் யாரைப் பிழைக்க வைக்க முயல வேண்டாம் என்பதைப் பேனாவால் எழுதும் வழக்கமே கிடையாது. படுக்கையோரம் தொங்கும் காய்ச்சல் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். நோயாளி இறந்ததும் அதை ரப்பரால் அழித்துவிட்டுத் தாளைக் கோப்பில் சேர்ப்பார்கள். அழிப்பதும் அவள் வேலைதான்.

பழைய ரயில் டிரைவர் மெத்தோடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்தா பொண்ணு, வண்டி கடைசி ஸ்டேஷனுக்கு வந்தாச்சு. எவனையும் பின்னாலருந்து தள்ள விடாதே."

"சரி தாத்தா. நான் பாத்துக்கறேன்."

அவள் போய்ச் சொன்னதும் பெரிய டாக்டர் கால்செவ் தலையசைத்தார். "புள்ளி வை. பேனாவால எழுதினா நாளைக்கு வக்கீல் படிப்பான்."

திங்கட்கிழமை தாள் மாற்றும் நாள். கூட இருந்த இரண்டு நர்ஸுகளும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இருபத்தாறு நோயாளிகளுக்கு டோன்கா ஒருத்திதான். எல்லாத் தாளையும் பேனாவால் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் பழைய புள்ளிகளைப் புதுத் தாள்களில் வைக்கப் பென்சிலை எடுப்பது அவள் பழக்கம். பென்சிலை எடுக்கும்போது நாலாம் படுக்கையில் மணி அடித்தது. எழுந்து போனவள் புள்ளியை மறந்தே போனாள்.

மத்தியானம் தயிர் சூப்பு குடித்துக்கொண்டிருந்த மெத்தோடி அப்படியே சாய்ந்தார். வார்டுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ராதினா தாளைப் பார்த்தாள். மூலை வெறுமையாக இருந்தது. அவர் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள்.

டோன்கா ஓடி வந்தாள். "விடுங்க டாக்டர்! வேணாம்னு சொல்லியிருக்காரு!"

"எங்க எழுதியிருக்கு?"

டோன்கா பழைய தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது என்ன, ஈ எச்சமா?" ராதினாவின் கை நிற்கவில்லை.

நாலு விலா எலும்புகள் முறிந்தன. இதயம் திரும்பத் துடித்தது. தொண்டையில் குழாயோடு ஒன்பது நாள் கிடந்தார் மெத்தோடி. வேலை முடிந்ததும் டோன்கா தினமும் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவளைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்ப்பார்; குழாய் விடாது.

பத்தாம் நாள் அவர் இறந்தார்; அவருடைய கோப்பு அவள் மேஜைக்கு வந்தது.

"அழிச்சிட்டுக் குடு" என்றார் கால்செவ்.

அவள் பேனாவை எடுத்துப் பழைய தாளின் புள்ளியின் மேல் அழுத்தினாள். கீழே எழுதினாள்: 'பிழைக்க வைக்க வேண்டாமென்று இவர் கேட்டார். டாக்டர் கால்செவ் ஒப்புக்கொண்டார். புதுத் தாளில் குறிக்காமல் விட்டது நான்.'

"பைத்தியமா டோன்கா? வேலை போயிடும். ரெண்டு பேருக்கும்."

நாலாம் படுக்கையில் மணி அடித்தது. அவள் கையெழுத்தும் தேதியும் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.