புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே அண்ணன் தேடியது

எங்கள் மூத்த அண்ணன் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர் கேட்டபடி, இந்த நினைவுப் புத்தகத்துக்காகத் தங்கையாகிய நான் அறிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த சிற்றூர். வாந்திபேதியில் தகப்பனாரை இழந்து, மிஷன் விடுதியில் படித்து, பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார் ஆனார்கள்.

புதன் கிரகத்தின் பாதை, ஈர்ப்பு விதி சொல்வதைவிடச் சற்றே கூடுதலாக நகர்கிறது என்று ஒரு புத்தகத்தில் வாசித்தார்கள். சூரியனுக்கருகில் காணாத கோள் ஒன்று இருந்து புதனை இழுக்கிறது என்பது அண்ணனின் எண்ணம். எங்கள் சபை உபதேசியார் ஒப்பமாட்டார். “கண்ணுல படாத ஆளுக்கு ஏன் வே இலை போடுதீரு? விதியே அங்கன கொஞ்சம் பிசகுதோ என்னமோ!” என்பார்.

அண்ணன் தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்வார்கள். நான் பென்சிலால் வரைவேன். ஒரு வெள்ளிக்கிழமை, பிம்பத்தின் ஓரத்தில் உருண்டையான கரும்புள்ளி தெரிந்தது. உடனே மேகம் மூடிவிட்டது. ஞாயிறன்று அறுப்பின் பண்டிகை. அண்ணன் வாழைத்தார் ஒன்றைக் காணிக்கையாகப் படைத்து, ‘மறைந்திருந்த கோளைக் காட்டியதற்காக ஸ்தோத்திரம்’ என்று உபதேசியாரைக் கொண்டு சபையில் வாசிக்கச் செய்தார்கள். சபையார் மகிழ்ந்தார்கள்.

திங்களன்று வெயில் அடித்தது. அதே புள்ளி, சற்றே உள்ளே தள்ளி நின்றது. கோளானால் சில மணி நேரத்தில் கடந்து போயிருக்கும்.

“கோள் இல்லையோ, அண்ணே?”

“இல்லம்மா. சூரியன் மேலயே உள்ள கறைதான்.”

அந்த மாதம் அண்ணனுக்கு மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டர் வேலை தீர்மானமாவதாக இருந்தது. உபதேசியாரிடம் போய், அந்த ஸ்தோத்திரத்தைத் திருத்தி வாசிக்கக் கேட்டார்கள்.

“பழத்தை ஏலம் எடுத்துத் தின்னும் முடிச்சாச்சு வே. ஸ்தோத்திரத்தைத் திருப்பி வாங்க எந்த ஜெபபுத்தகத்துல இருக்கு? வேலை வரப்போற நேரம், சும்மா இரியும்!”

அடுத்த ஞாயிறு அண்ணன் தாமே எழுந்து நின்று, “நான் கண்டது கோள் அல்ல. அவசரப்பட்டுவிட்டேன்” என்றார்கள். பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது. நான் தலை நிமிரவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. அண்ணன் அந்த வெள்ளைத் தாளைத் தினமும் விரிப்பதை நிறுத்தவில்லை.

அண்ணனின் கடைசிக் காய்ச்சலில் உபதேசியார் தினமும் வந்து ஜெபித்தார். ஒரு நாள், “இப்பம் சொல்லும் வே, கோளா, விதியா?” என்று கேட்டார்.

“இத்தனை வருஷம் பார்த்தும் கோள் ஆம்பிடலை. விதிதான்னு சொல்லவும் எனக்குக் கணக்குப் பத்தலை. தெரியலை வே.”

அவருக்கும், மருந்து தந்த டாக்டர் அம்மாளுக்கும், சவப்பெட்டி சுமந்த மாணவர்களுக்கும், அன்று சிரித்தாலும் தங்கள் பிள்ளைகளை அண்ணனிடமே கணக்குக்கு அனுப்பிய சபையாருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் அந்தக் கோளைக் கண்டதாகவே இப்புத்தகத்தில் போடச் சிலர் அன்பாகச் சொன்னார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். தெரியாது என்றே அச்சிட்டிருக்கிறோம்.