ஸ்டோர் ரூமுக்குப் போன அப்டேட்

நோன்புப் பெருநாள் கழிந்து வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை. வழமைபோல் முற்றம் கூட்டி, நகம் வெட்டி, குளித்து, ஜும்ஆவுக்குப் போய்வந்து, சோறு தின்ற பிறகு பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் புறப்பட்டேன். ஜின் இருப்பதை நான் மறுப்பவனல்ல, வேதத்தில் உண்டு. ஆனால் நம் ஊர் வயர்களுக்குள் வந்து உட்காரும் என்று யாராவது கதைத்தால் எழுந்து போய்விடுவேன்.

அங்கே ஜெஸீமா நடத்தும் கணினி நிலையத்தில் மறுநாள் காலை பெண் பிள்ளைகளுக்குச் செய்முறைச் சோதனை. எல்லாக் கணினிகளிலும் புதிய அப்டேட் ஏறியிருந்தால்தான் சோதனை நடத்துபவர்கள் அந்த இடத்தை ஏற்பார்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீண். அங்கே இணையம் இழுவை. அதனால் அப்டேட்டுகளை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போவேன். பென் டிரைவிலிருந்தே ஓடும் சிறிய மென்பொருள் ஒன்று, ஒரு கணினியில் செருகியதும், கேபிளால் இணைந்த மற்ற எல்லாவற்றுக்கும் அவற்றை அனுப்பிவிடும்.

அன்று திரையில் பெயரில்லாத ஒரு கணினி கூடுதலாக நின்றது. அதற்கும் அப்டேட் ஏறிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, வேற எங்கயும் கம்ப்யூட்டர் இரிக்கா?" என்று ஜெஸீமாவிடம் கேட்டேன்.

"ஸ்டோர் ரூமுக்குள்ள ஒரு பழைய பெட்டி கிடக்கு காக்கா. டிஸ்க்கெல்லாம் கழட்டியாச்சு, வெறும் கூடு."

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். அந்தக் கூட்டில்தான் முடிந்தது. மின்சார வயரே கிடையாது. பக்கத் தகட்டைக் கழற்றியதும் வெயிலில் கிடந்த மீன் குடலின் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே விளிம்புவரை கறுப்புச் சளி. வெதுவெதுப்பாக ஆவி பறந்தது.

"செத்த எலிதான் காக்கா. ஆம்பிள நீங்க ஓங்காளிச்சா நான் என்ன செய்ய?" என்று ஜெஸீமா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கேபிளைப் பிடுங்கினேன். கணினிகள் இருந்த கூடத்துக்கு ஓடியவள் அங்கிருந்து கத்தினாள்.

"காக்கா! எல்லாம் நிண்டுட்டு!"

எல்லாத் திரையும் கறுப்பு. நிறுத்திப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"திரும்பக் குத்துங்க காக்கா."

"ஏலாது தங்கச்சி. கேபிள் குத்துற ஓட்டை சளிக்குள்ள தாண்டு போச்சு, கண்ணுக்கே தெரியல்ல."

"அந்தப் பிள்ளைகள்ட ஒரு வருசம் காக்கா."

சட்டைக் கையைச் சுருட்டி உள்ளே விட்டேன். நம்பினால் நம்புங்கள், பல்லில்லாத வாய் ஒன்று என் விரல்களைச் சப்பியது. கேபிளைக் குத்திவிட்டுக் கையை உருவிக்கொண்டு வெளியே வந்து வாந்தியெடுத்தேன். கூடத்தில் திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. பின்னேரத்து அஸர் பாங்குக்குள் எல்லா அப்டேட்டும் முடிந்துவிட்டது. ஸ்டோர் ரூமைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

சவர்க்காரம், சாம்பல், தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மனைவி வைத்த மீன் ஆணத்தைத் தொடாமல், வெறுஞ்சோற்றைத் தின்று எழும்பினேன்.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் ஸ்டோர் ரூமைத் திறந்தேன். முந்தின நாள் தரையில் தொய்ந்து கிடந்த கேபிள், இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைத்து நின்றது. சளிக்குள் அது மெதுமெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் மறுமுனை பிடுங்கிக்கொண்டு எல்லாத் திரையும் திரும்பக் கறுத்துவிடும். வாசலில் பிள்ளைகளின் குரல் கேட்டது. அடுத்து நான் செய்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பு. கூடத்துச் சுவர் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த அதே கேபிளின் மிச்சத்தையும் அவிழ்த்து, அது தின்னட்டும் என்று அதன் பக்கம் தள்ளிவிட்டேன்.