விரிசலா கீறலா

எங்கள் மீன் தொட்டி உடையப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மீன்கள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டவனே நான்தான். ஆனாலும் கூடத்தில் கண்ணாடி வெடித்து, வெள்ளம் சோபாவுக்கு அடியில் புகுந்து, வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடும் என்றால் ஒன்பது வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

தொட்டி அப்பாவின் ஆசை. கடைத் தொட்டிகள் எல்லாம் அநியாய விலை என்று சொல்லி, பம்மலில் ஒரு கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துச் செய்து, தாம்பரம் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒருவர் இரும்புச் சாமான் மூட்டையோடு உட்கார்ந்து வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தாராம். அந்த ஆளை ஒரு வாரம் திட்டினாரே தவிர, கண்ணாடியை ஒருமுறை திருப்பிப் பார்க்க அப்பாவுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு கூடத்தைச் சுத்தம் செய்த அம்மாதான் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தாள். தொட்டியின் கீழ் மூலையில் தொடங்கி என் சுண்டுவிரல் நீளத்துக்குச் சாய்வாக ஏறியது. அம்மா அதை விரிசல் என்றாள். அப்பா கீறல் என்றார். அப்பா பள்ளியில் இயற்பியல் வாத்தியார். தண்ணீரில் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தவர், கோடு இருப்பதே ஆக ஆழமான இடத்தில்தான் என்பது பாதியில் உறைக்க, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அம்மா சொல்லிப் பயப்படாதவரைச் சொந்தப் பாடமே பயமுறுத்திவிட்டது.

வேறு நாளாக இருந்தால் இவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. அன்று சாயங்காலம் அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வருகிறவர்கள் கேக் சாப்பிட்டு, ஜெபம் பண்ணி, போன் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போன் வராது. கடைசியாக வந்தவர், அத்தை தினமும் போகும் பள்ளிக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று அத்தைக்கே சொல்லிக்கொடுத்தார். அந்த பஸ் அந்தப் பக்கமே போகாது என்று அத்தை சொன்னாள். அதோடு அந்த இடமும் முடிந்தது. “இந்த ஒரு தடவையாவது வாயைத் திறக்காம இரும்மா,” என்று அப்பா காலையிலேயே கெஞ்சிவிட்டார். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வருவார்கள் என்று அம்மா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தைக்குக் கல்யாணம் நடந்தே ஆகவேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன். அதற்கு முன்னால் தொட்டியும் உடைந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஆசைப்பட்டேன்.

தொட்டியைக் காலி பண்ணிவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வெறும் உப்பு. அன்று காலைதான் தண்ணீர் லாரி வந்து, வீட்டிலுள்ள டிரம், குடம், பக்கெட் எல்லாம் தளும்பத் தளும்ப நிரப்பி வைத்திருந்தோம். தொட்டியில் இருந்ததும் லாரித் தண்ணீர்தான். அதைச் சாக்கடையில் விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. பிடித்து வைக்கவோ, மீனை விடவோ பெரிய பாத்திரம் ஒன்றும் காலியில்லை.

கடைசியில் அப்பா என் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கோட்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். கோடு புள்ளியைத் தாண்டி வளர்ந்தால் விரிசல், இல்லாவிட்டால் கீறல். என்னைக் காவலுக்கு உட்கார்த்திவிட்டு பேக்கரிக்குப் போனார். நான் மூக்கு கண்ணாடியில் ஒட்ட உட்கார்ந்திருந்தேன். வளர்வது போலவும் இருந்தது, வளராதது போலவும் இருந்தது. அந்த நேரத்தில் அம்மா பழைய பேப்பரோடு வந்தாள். வருகிறவர்கள் கண்ணில் படும் என்று, நான் கத்தக் கத்த, அழுத்தித் தேய்த்து இரண்டு புள்ளியையும் துடைத்துவிட்டாள்.

பப்ஸ் பொட்டலத்தோடு திரும்பிய அப்பா புள்ளிகளைத் தேடினார். பிறகு சமையலறையில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தை தலையைப் பின்னிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். குனிந்து பார்த்தாள். விரலை நாக்கில் தொட்டு, அந்தக் கோட்டின்மேல் தடவினாள். கோடு காணாமல் போனது. ஈரம் காய்ந்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மந்திரம் பார்த்ததுபோல எனக்கு வாய் பிளந்துவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் புடவை மாற்றப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. படப்பைப் பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. எங்கள் அம்மா கோட்டை மறைத்து பிளாஸ்டிக் ரோஜா ஜாடி ஒன்றை வைத்திருந்தாள். இத்தனை நாற்காலிகள் இருக்க, மாப்பிள்ளை வந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குடித்த டம்ளரை வைக்க இடம் வேண்டும் என்று ஜாடியை நகர்த்தினார். அப்பாவின் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பேச்சைத் தொடங்குமுன் ஜெபம் செய்யலாம் என்றார் அவருடைய அப்பா. எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபம் நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, மழைக்குப் போய், வியாதிக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தது. நான் காவல்காரன் அல்லவா, ஒரு கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளையும் திறந்திருந்தார். கோட்டையே உற்றுப் பார்த்தவர், டம்ளரில் விரலை நனைத்து அதன்மேல் தடவினார். கோடு மறைந்தது. திரும்ப வந்தது. நான் மறு கண்ணையும் திறந்தேன். சமையலறைத் திரை ஓரத்தில் அத்தை நின்றிருந்தாள். அவளும் கண்ணை மூடவில்லை. அவருடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென்” என்று எல்லோரும் சொன்னோம். அத்தை திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் தட்டுகூட இல்லை.

“அந்தத் தொட்டியில விரிசல் இருக்கு. அது பக்கத்துல உக்கார வேணாம்,” என்றாள்.

அவர் அத்தையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். “பக்கெட் எங்க இருக்கு?” என்று அத்தையிடமே கேட்டார்.

அது வெறும் கீறல்தான், தான் காலையிலேயே சொன்னதுதான் என்று அப்பா தடுமாறினார்.

“இருக்கட்டும் சார். அவங்க விரிசல்னு சொல்றாங்களே,” என்றார் அவர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையின் முதல் திருவிழா. தொட்டித் தண்ணீரையும் மீன்களையும் விட டிரம்மைக் காலி பண்ண வேண்டும். அதிலுள்ள லாரித் தண்ணீரையும் வீணாக்கக் கூடாது. குக்கர், இட்லிப் பானை, தூக்குவாளி, டம்ளர், என் டிபன் பாக்ஸ் வரைக்கும் நிரப்பினோம். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருடைய அம்மா குக்கரைத் தூக்கி வந்தார். அவருடைய அப்பா டீ வடிகட்டியால் மீன் பிடித்தார். ஒரு மீன் துள்ளி பப்ஸ் தட்டில் விழுந்தது. நான் பாய்ந்து எடுத்தேன். தொட்டித் தண்ணீரை இறக்க மாப்பிள்ளை ஒரு டியூபை வாயில் வைத்து உறிஞ்ச, மீன் தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அத்தை சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. டியூபின் மறுமுனையை டிரம்முக்குள் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எனக்கோ ஒரே குதூகலம். கோடு மறைகிற மந்திரத்தைச் சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம் யாராவது என் கையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தார்கள்.

போகும்போது போன் செய்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவருடைய அம்மா அங்கேயே கேட்டுவிட்டார்.

அடுத்த வாரமே அப்பா வீம்புக்கு அந்தத் தொட்டியைத் திரும்ப நிரப்பினார். பல வருஷம் இருந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீறல்தான் என்று தான் அன்றைக்கே சொன்னதை அப்பா இன்றுவரை விடவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். ஈரம் பட்டு மறைந்தால் மேலோட்டமான கீறல், விரிசல் என்றால் மறையாது, விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது என்றார். பின்னே ஏன் மாமா அத்தனை தண்ணீரை இறைத்தீர்கள் என்றேன். மாமா அத்தையைப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கவில்லை.

“பஸ் ரூட் சொல்லிக்கொடுத்தாரே ஒருத்தர், ஞாபகம் இருக்காடா உனக்கு?” என்றாள்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? இரண்டு பேர் விரலை நனைத்து அந்தக் கோட்டை மறையவைத்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டையே தண்ணீர்க் காடாக்கிவிட்டார்கள். பெரியவர்களுக்கு எவ்வளவு மறதி என்று வியந்துகொண்டே, டிரம்முக்குள் எட்டி மீன்களுக்குத் தீனி போட்டேன்.